கோல்கீப்பரின் அரைமண்டி

திறமைக்கு ஓட்டுப் போடுங்கள் என்று யாரையும் கேட்காதீர்கள். அவர்களுக்குத் திறமையைப் பார்க்கத் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அறிந்தவன்.

அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. பிரபலங்கள் ஆடும் ஒரு வங்காள டிவி நடனப் போட்டியில் என் அக்கா சுபாவுக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. அவளிடம் ஒப்படைக்கப்பட்டவர் செய்தி வாசிக்கும் மிதாலி. (கொல்கத்தாவில் யாரும் வெறும் மிதாலி ஆக முடியாது, மிதாலிதி. 'தி' என்றால் அக்கா, 'தா' என்றால் அண்ணன்.) பிரபலம் வெளியேறினால் பயிற்சியாளரும் கூடவே வெளியேற வேண்டும். அக்காவோ இதற்காகப் பள்ளிக்கூடத்து டான்ஸ் டீச்சர் வேலையை விட்டிருந்தாள்.

அரையிறுதிக்கு முந்தைய வாரம் மிதாலிதிக்கு எதிரே நின்றவர் ஓய்வுபெற்ற கோல்கீப்பர் பாப்பன்தா. எந்த நடனமானாலும், பந்து எந்தப் பக்கம் வருமோ என்று யோசிப்பவர் போலவே ஆடுவார். நடுவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஊர் போனில் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றிவிடும். (பெனால்டியைத் தடுத்தவர் இந்த ஊரில் எதற்கு வேண்டுமானாலும் நிற்கலாம்.)

"இது அக்கிரமம். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம்டா, ப்ளீஸ்" என்றாள் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த தமிழ் மாமிகளை எல்லாம் கொல்கத்தா சால்ட் லேக்கில் இருந்த எங்கள் வீட்டு ஹாலுக்கு வரவழைத்தேன். அம்மா போண்டா போட்டாள். 'சுபாவுக்காக ஓட்டுப் போடுங்கள்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அதற்குத்தான் வந்திருந்தார்கள். எனக்கு அது கேவலமாகப் பட்டது.

"நம்ம பொண்ணுன்னு பாக்காதீங்கோ! திறமையை மட்டும் பாருங்கோ! பிடிச்ச முகத்துக்கு ஓட்டுப் போட்டுத்தான் கலையே அழியறது!"

கைதட்டினார்கள். பங்கஜம் மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். அந்த ஹாலில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு முன் முறையாகப் பரதம் கற்றவர்கள். அந்த வாரம் பரதநாட்டியச் சுற்று.

மிதாலிதி அழகாகச் சிரித்து, அழகாகக் கை அசைத்து ஆடினார்.

"முகம் நன்னா இருக்கு. அரைமண்டி எங்கேடீ?" என்றார் பங்கஜம் மாமி. (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, பாதி உட்கார்ந்து நிற்கிற நிலை. பரதத்துக்கு அதுதான் அஸ்திவாரம்.)

"பஸ்ஸுக்கு நிக்கற மாதிரின்னா நிக்கறா" என்றார் இன்னொரு மாமி.

அடுத்து பாப்பன்தா வந்தார். முழங்காலை விரித்து, முதுகை நிமிர்த்தி, கச்சிதமாக உட்கார்ந்தார். வேறெதுவும் உருப்படியாகச் செய்யவில்லை. மாமிகள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

"உக்காந்தான் பாரு!"

"கோலுக்கு முன்னாடி வருஷக்கணக்கா இப்படித்தானே நின்னிருக்கான். வராம என்ன?"

"மாமி, அவர் தாளத்துலயே இல்லை!" என்று அலறினேன்.

"தாளம் சொல்லிக் குடுத்தா வந்துடும்டா. இந்த மண்டி வராது."

"சுபா அக்கா பாவம், மாமி..."

"நம்ம பொண்ணுன்னு பாக்கப்படாதுன்னு நீதானேடா சொன்னே?"

ஹால் முழுக்க போன்கள் வெளியே வந்தன. அவ்வளவு நேர்மையான தேர்தலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மயிரிழை வித்தியாசத்தில் மிதாலிதி வெளியேறினார் என்று அறிவித்தார்கள். திரையில் அக்கா சிரித்துக்கொண்டே கைதட்டினாள். அம்மா ஹாலில் இருந்த போன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடப்பாவமே, சுபா போயிட்டாளே! இந்த ஜனங்களுக்கு ரசனையே கிடையாது" என்றார் பங்கஜம் மாமி. போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த அக்கா நடந்ததையெல்லாம் கேட்டாள். மிச்சமிருந்த போண்டாவை எல்லாம் தின்று முடித்தாள். "அந்தாளோட அரைமண்டி நிஜமாவே நன்னாதான் இருந்தது" என்றாள். பழைய பள்ளிக்கூடம் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது, அவளிடமே படித்த ஒரு பெண்ணுக்கு உதவியாளராக.

இன்று எங்கள் வீட்டில் லீவுக்கு எங்கே போவது, சோபா என்ன நிறம் என்பதெல்லாம் கை தூக்கித்தான் முடிவாகிறது. எனக்கும் ஓட்டு உண்டு. நான் லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும், அக்கா பதறி எழுந்துவிடுவாள்:

"அம்மா, பேசப் போறான்! சீக்கிரம் எண்ணி முடி!"