ஜமீன்தாரைக் கூட்டிட்டு வா

"எட்டாம் நம்பர் பெட்டுக்கு ஜமீன்தாரைக் கூட்டிட்டு வா. சீக்கிரம்."

ஹெட் சிஸ்டர் அழகம்மாள் இப்படிச் சொல்லிவிட்டு மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் செல்லக்கிளி நின்ற இடத்திலேயே நின்றாள். படிப்பு முடித்து, கஞ்சி போட்டு விறைத்த தொப்பியோடு அவள் திருச்சியில் அந்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்து அன்றுதான் முதல் நாள். படிக்கிற இடத்தில் ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார்கள், கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜமீன்தாரைப் பற்றி ஒரு பாடமும் நடத்தவில்லை.

கேட்டிருக்கலாம். ஆனால் காலையில் ஒரு தடவை கேட்டுப் பட்டது போதாதா? ஸ்பிரிட் பாட்டில் எங்கே இருக்கிறது என்றதற்கு, "இதுகூடவா தெரியாது? என்னத்தைப் படிச்சிட்டு வந்தே?" என்று சிஸ்டர் வார்டு முழுக்க ஒலிக்கும்படி கேட்டுவிட்டார். படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். புதிதாக வந்தவளை நாலு இடம் அழைத்துப்போய், இது இங்கே, அது அங்கே என்று காட்டவேண்டும் என்ற நினைப்பு அங்கே ஒருவருக்கும் இல்லை. காதெல்லாம் சுட்டது அவளுக்கு. இனி யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். கொஞ்ச காலம் வைத்துப் பார்ப்பார்கள். சரிப்படவில்லையென்றால் முசிறிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். பெண் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று ஊரே பேசியதைத் தாண்டி வந்தவள், எந்த முகத்தோடு திரும்பிப் போவாள்?

எட்டாம் நம்பரில் மருதை படுத்திருந்தார். வாழைத் தோட்டக்காரர். வரப்பில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு ரொம்ப நாளாக அங்கே இருக்கிறவர். இப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தார். அவசரம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஜமீனையெல்லாம் சர்க்கார்தான் ஒழித்துவிட்டதே, ஆஸ்பத்திரியில் மட்டும் ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறார்களோ என்று யோசித்தபடி செல்லக்கிளி ஸ்பெஷல் ரூம் பக்கம் ஓடினாள். முதல் ரூமிலேயே ஆள் அகப்பட்டார். தங்க பிரேம் கண்ணாடி, சரிகை அங்கவஸ்திரம். மண்ணச்சநல்லூர் அரிசி மில் முதலாளி ரத்தினவேல், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து சாய்ந்திருந்தார்.

"ஐயா ஜமீன்தாருங்களா?"

ரத்தினவேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஊர்ல அப்படித்தான் சொல்லிக்கிறாங்க."

ஊரில் அப்படி யாரும் சொன்னதில்லை.

எட்டாம் நம்பர்க்காரர் அவருக்காகத் துடித்துக்கொண்டிருப்பதாகச் செல்லக்கிளி சொன்னாள். மில்காரருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. தலைவாரி, விபூதி இட்டு, அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டு, தையல் பிரிந்துவிடாமல் அடிமேல் அடி வைத்து வந்து சேர்ந்தார்.

சிஸ்டர் அழகம்மாள் அவரைக் கண்டதும் கைகூப்பினார். நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடும்படி செல்லக்கிளியை ஏவினார். மூலையில் வெள்ளைத் துணி போர்த்திய பெரிய தேக்கு நாற்காலி ஒன்று இருந்தது. அவள் மூச்சுவாங்க அதை இழுத்துவந்து கட்டிலை ஒட்டிப் போட்டாள். ரத்தினவேல் துணியோடு அதில் அமர்ந்தார். நடுவில் கொஞ்சம் உள்வாங்குகிறது என்று மட்டும் சொன்னார்.

மருதை கண்ணைத் திறந்தார்.

"ஐயா, எந்திரிங்க."

"பரவாயில்லப்பா, உக்காந்தே பேசுவோம். உனக்கு என்ன வேணும், சொல்லு."

"நீங்க எந்திரிக்கணுங்க. அதுதாங்க வேணும்."

கூப்பிட்டு அனுப்பிவிட்டு எழுந்திரு என்கிறானே என்று மில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கைப்பிடி இரண்டையும் இறுகப் பற்றிக்கொண்டார். பெரிய மனிதர் கோபித்துக்கொண்டால் தன் வேலைக்கு ஆபத்து என்று பயந்த செல்லக்கிளி, ஓடிப்போய் அவருக்குச் சூடாக ஒரு காப்பி வாங்கிவந்து கொடுத்தாள். அவர் இன்னும் வசதியாகச் சாய்ந்து ஆற்றிக் குடிக்க ஆரம்பித்தார். மருதை ஏதோ சொல்ல வாயெடுத்து, வார்டே பார்ப்பதைக் கண்டு கூசி நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் இருதயநாதன் திரும்பி வந்தபோது டம்ளரில் பாதிக் காப்பி மிச்சம் இருந்தது. மருதையின் அவசரம்தான் முடிந்துபோயிருந்தது. அவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஜமீன்தார் மேல யாரு இவர்?" என்று கேட்ட டாக்டர், மில்காரரை எழுப்பித் துணியை விலக்கினார். நாற்காலியின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. எழுந்து நடக்க முடியாதவர்களைக் கட்டிலருகிலேயே வெளிக்குப் போக உட்காரவைக்கிற நாற்காலி அது. யாரோ ஒரு ஜமீன்தார் வீட்டிலிருந்து தானமாக வந்ததால் வார்டில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ரத்தினவேல் வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே, வந்த வேகத்துக்குப் பத்து மடங்கு வேகத்தில் திரும்பினார். வார்டு குலுங்கிச் சிரித்தது.

"இதுகூடவா தெரியாது?" என்று சிஸ்டர் அழகம்மாள் செல்லக்கிளியைப் பார்த்துச் சத்தம்போட்டார். அவர் முகம் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தட்டி வைத்து மறைத்து, மருதையைத் துடைத்து, விரிப்பை மாற்றினாள் செல்லக்கிளி. அது அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை, சுத்தமாகவே செய்தாள். ஆனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. கல்யாணமான பேத்தி இருக்கும் வயதுக்காரரைச் சின்னப்பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. தன்னை மன்னிக்கச் சொல்லி, சாயங்கால பஸ்ஸுக்கு முசிறி போய்விடப்போவதாகச் சொன்னாள்.

மருதை போர்வையை மூக்குவரை இறக்கினார். தன் மானம் போன துக்கத்திலும் அவருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீ எதுக்கும்மா போறே? டாக்டரு சிஸ்டரம்மாகிட்ட, 'ஜமீன்தாரை எடுத்துட்டு வரச் சொல்லுங்க'ன்னுதான் சொன்னாரு. சிஸ்டரம்மாவும் நேத்து சாயங்காலம்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி என் காதுகிட்ட குனிஞ்சு, 'ஜமீன்தாருக்கு எந்த ஊருங்க?'ன்னு கேட்டாங்க."