கோணலாகத் தைக்க ஒரு திட்டம்

வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். வேலையைக் கெட்டிக்காரத்தனமாகக் கெடுக்கிறவர் ஒருவர்தான். அவர் மூன்றாம் மாடியில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக்.

கல்யாணமான புதிதில் மனைவி ஒரு நாள் சோறு வைக்கச் சொன்னாள். மெனக்கெட்டு அடிப்பிடிக்க விட்டார். அதோடு அடுப்படியிலிருந்து விடுதலை. துணி துவைக்கச் சொன்னாள். அவளுடைய வெள்ளைப் புடவையோடு ஒரு சிவப்புத் துண்டையும் சேர்த்து ஊறப்போட்டார். அந்தப் பக்கமும் விடுதலை. ஒரு தடவை கெடுத்தால் ஆயுசுக்கும் ஓய்வு. இது அவரே கண்டுபிடித்த தத்துவம். இதை அவர் கம்பெனியில் மட்டும் காட்டியதே இல்லை. அங்கே அவர் மாட்டுகிற லிஃப்ட் கதவு ஒரு நூல் கோணினாலும் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சோபாவில் நீளமாகப் படுத்து, டி.வி.யில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தையல் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நிறுத்தினாள்.

"ஏங்க, பஞ்சுப் போர்வைக்கு ஒரு உறை தைக்கணும்."

"தையேன், யாரு வேணாங்கறது?"

"நீங்க தைக்கணும்."

எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நானா?"

"பாப்பா நேத்தும் அதுல பாலைக் கொட்டிட்டா. இது மூணாவது தடவை. அந்தக் கனத்தைத் துவைச்சுத் தூக்கறதுக்குள்ள என் இடுப்பு கழண்டுருது. உறைன்னு ஒண்ணு இருந்தா உருவித் துவைச்சுப் போட்டுடலாம்."

"கடையில வாங்கிடு."

"வாங்கிப் பார்த்தாச்சு. ஒண்ணு போர்வைக்கு டவுசர் போட்ட மாதிரி நிக்குது. இன்னொண்ணு ஒரு முழத்துக்கு வாலாட்டுது."

"அப்ப நீயே தைச்சுடும்மா. உனக்குத் தெரியாத தையலா?"

"மெஷின் சத்தம் கேட்டா பாப்பா மடியில ஏறி ஊசியைப் பிடிக்கிறா. நான் அவளைப் பார்த்துக்கறேன், நீங்க மெஷினைப் பாருங்க. மூணு நேர்க்கோடு, அவ்வளவுதானே?"

வாதாடினால் மேட்ச் முடிந்துவிடும். அதைவிட, பழைய தத்துவம் கையிருப்பில் இருக்கும்போது எதற்கு வாதம்? இன்று ஒன்றைக் கெடுத்துவிட்டால் இனி வருகிற ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவருக்கே சொந்தம்.

"சரி" என்றார்.

இவ்வளவு சீக்கிரம் அவர் சரி சொன்னதே இல்லை. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். எப்படித் தைப்பது என்று மட்டும் சொன்னாள். இரண்டு படுக்கை விரிப்புகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்று போட வேண்டும். மூன்று பக்கம் அடிக்க வேண்டும். நாலாம் பக்கத்தில் போர்வையை நுழைக்க வாய் விட வேண்டும். பிறகு புரட்டினால் உறை. சொல்லிவிட்டு, "மேல துணி காயப்போட்டுட்டு வரேன்" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கோணலாகத் தைப்பது அவ்வளவு சுலபமில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கை பழக்க தோஷத்தில் நேராகவே போனது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். முதல் பக்கம், குடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் எறும்பு மாதிரி போனது. இரண்டாம் பக்கத்தில் மேல்துணி ஒரு சாண் முன்னே ஓடியது. மூன்றாம் பக்கம் பரமதிருப்தி. நாலாம் பக்கத்தையும் விடவில்லை. அதையும் சேர்த்து அடித்துவிட்டார். வாயே இல்லாத உறை! பார்த்ததும் மனைவி தலையில் அடித்துக்கொண்டு மெஷினை மூடிவிடுவாள். அவர் கையைத் தட்டிக்கொண்டு சோபாவுக்குத் திரும்பிய நேரம் அழைப்புமணி அடித்தது.

ஐந்தாம் மாடி அக்கா. பேச்சில் மேடு பள்ளம் பார்க்காதவர்.

"தம்பி, கத்தரிக்கோல் இருக்கா? அட, இது என்ன மூட்டை?"

"போர்வை உறைக்கா."

"உறையா? வாய் எங்க?"

"வாய்... இல்லைக்கா."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "இந்தத் தடம்? நண்டு ஏதாவது நடந்துச்சா?"

"தையல்க்கா!" அவருக்கு வாயெல்லாம் பல். கெடுத்ததற்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"நம்ம கட்டடத்து லிஃப்ட் நீங்க மாட்டினதுதானே?"

"ஆமாக்கா."

"கதவு, கம்பி, எல்லாம்?"

"எல்லாம் இந்தக் கைதான்."

"இத்தனை நாள் உயிரோட இருக்கேனே, நான் செஞ்ச புண்ணியம்."

"அக்கா, அது வேற, இது வேற!"

"கை ஒண்ணுதானே தம்பி? துணியிலேயே ஒரு கோடு நேரா வரலை. இரும்புல எப்படி வந்திருக்கும்? இனிமே எனக்குப் படிக்கட்டுதான். முட்டி தேய்ஞ்சா தேயட்டும். மத்த வீட்டுலயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன். பிள்ளை குட்டிக்காரங்க, பாவம்."

"அக்கா, இது நான் வேணும்னே..."

பாதியில் விழுங்கினார். வேண்டுமென்றே செய்தேன் என்றால், அக்கா ஐந்தாம் மாடி ஏறுவதற்குள் சேதி மனைவி காதுக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால் லிஃப்ட் மானம் போகும். ஞாயிற்றுக்கிழமையா, தொழிலா? ஒரு நிமிஷம் நெளிந்தார்.

"அக்கா, ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க!"

அப்புறம் நடந்தது தையலே இல்லை, தவம். போட்ட தையலையெல்லாம் பிளேடால் பிரித்தார். இரும்பு அளவுகோலும் சாக்பீஸும் வந்தன. மெஷின் பலகை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துக்கூடப் பார்த்தார். டி.வி.யில் கடைசி ஓவர் வந்து கத்தியது, திரும்பவில்லை. பிசிறு தெரியாமல் ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டார். வாய்க்கு ஆறு பிரெஸ் பட்டன் வைத்தார். போர்வை உள்ளே கால்மாட்டில் சுருண்டுவிடாதபடி நாலு மூலையிலும் கட்ட நாடா தைத்தார். நாடாவை யாரும் கேட்கவே இல்லை.

சொன்னபடி அக்கா வந்தார். ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது தையல். நான் லிஃப்ட்லயே போறேன் தம்பி."

அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அக்கா போன பிறகு, கதவருகே குழந்தையோடு நின்ற மனைவியைப் பார்த்ததும் வந்த வேகத்தில் சுருங்கியது. ஐயோ! நன்றாகத் தைத்துத் தொலைத்துவிட்டோமே!

மனைவி உறையை உதறிப் பார்த்தாள். பட்டனைப் போட்டுப் பார்த்தாள். நாடாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு உறை தைச்சிடுங்க. இதே அளவு, இதே நாடா."

"நம்மகிட்ட இருக்கறதே ஒரு போர்வைதானே?"

"நமக்கு இல்லைங்க, அக்காவுக்கு. வந்து உங்க லிஃப்டைத் திட்டறதுக்கு ரெண்டு உறைன்னு பேசித்தான் அவங்களைக் கீழ அனுப்பினேன்."