பொங்கலுக்குள் காது

சகாதேவன் தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்குள் வந்து மேடையைப் பார்த்தார். தட்டு இருந்தது. தட்டில் இருந்த முந்திரிப் பருப்பு இல்லை. முந்திரிப் பருப்போடு இருந்த அவருடைய காதும் இல்லை.

காது என்றால், காதுக்குள் வைத்துக்கொள்ளும் மிஷின். அவர் காதுக்கென்றே அச்சு எடுத்துச் செய்தது. வெளிர் பழுப்பு நிறம், லேசான வளைவு, பருத்த முந்திரிப் பருப்பின் அளவு. காதில் இருந்தால் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பெருமை காதில் இருக்கும்வரைதான். முந்திரித் தட்டில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

மிஷின் கடைப் பெண் ஓவியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "சார், தண்ணி, எண்ணெய், சூடு, மூணும் இதுக்கு ஆவாது. குளிக்கப் போனா கழட்டிடுங்க. கழட்டினா உடனே டப்பாவுல வைங்க. ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து வைங்க. அழுக்கு அடைச்சா இந்த பிரஷ்ஷால தட்டுங்க. ஊக்கை வுட்டுக் குத்திடாதீங்க." அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதில் பாதி அப்போதே கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்று சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல். ஜோதியம்மாள் காய்ச்சிக் கொடுத்த எண்ணெயைச் சமையலறையிலேயே நின்று உச்சியில் வைத்துத் தேய்த்த பிறகுதான் மிஷின் ஞாபகம் வந்தது. டப்பா உள் அறையில். விரல்களில் எண்ணெய் வழிந்தது. குளித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கைக்கெட்டிய தட்டில் வைத்துவிட்டுப் போனார். மனிதன் செய்கிற மடத்தனங்களில் பாதி இப்படிக் கைக்கெட்டிய தூரத்தில்தான் நடக்கிறது.

மிஷின் போனதுகூடப் பெரிதில்லை. போன வருஷம் இதற்கு முந்தைய மிஷினை வேலூர் பஸ்ஸில் தொலைத்தபோது மகன் இளஞ்செழியன் பெங்களூரிலிருந்து வந்து தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "அப்பா, இன்னொரு தடவ தொலைச்சீங்கன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்கூட வந்துடணும். ரோட்ல வண்டி ஆரன் அடிக்கிறது கேக்காம எங்கயாவது மாட்டிக்கினா யாரு பார்க்கிறது?"

பெங்களூரில் மகன் வீடு பதினோராவது மாடி. அங்கே ஒரு மாதம் இருந்து பார்த்திருக்கிறார். பால்கனியில் நின்றால் எதிரே இன்னொரு பதினோராவது மாடி தெரியும். இங்கே அடி அண்ணாமலையில் வாசலைத் திறந்தால் மலை. மின்வாரியத்தில் இருந்தவரை இந்தப் பக்கம் அவர் ஏறாத கம்பம் இல்லை, தெரியாத ஆள் இல்லை. இந்த வயதில் லிஃப்ட்டில் ஏறி இறங்கிச் சாக அவருக்கு விருப்பமே இல்லை.

அந்த மகன் இன்று மத்தியானம் வருகிறான். பௌர்ணமி. வருஷத்தில் ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களுக்கு வாசலில் பந்தல் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பது இந்த வீட்டு வழக்கம்.

சகாதேவன் பின்கட்டுக்கு ஓடினார். அங்கே சமையல்காரர் மணிவேல் பெரிய அண்டாவில் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தார். மேலே நெய் மினுமினுத்தது. நெய்க்கு நடுவில் முந்திரிகள், எக்கச்சக்கமாக.

"ஜோதி எங்க?"

மணிவேல் வாயை அசைத்தார். மிஷின் இல்லாத சகாதேவனுக்குப் பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும். மணிவேல் கையையும் சேர்த்து ஆட்டியதால் புரிந்தது. முந்திரியை வறுத்து நெய்யோடு கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போயிருக்கிறாள். தொன்னை வாங்க.

கூடத்தில் தொன்னை கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. இது போதாதென்று இன்னும் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. அவள் வருவதற்குள் மிஷினை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில் ஓடியது.

"துடுப்பைக் குடு, நான் கிண்டறேன்."

மணிவேல் திகைத்துப்போய்க் கொடுத்தார். சகாதேவன் அண்டாவின் அடிவரை துழாவினார். இடமாகத் துழாவினார், வலமாகத் துழாவினார். சந்தேகப்பட்ட முந்திரியையெல்லாம் கரண்டியால் எடுத்து, அமுக்கிப் பார்த்து, ஒரு கிண்ணத்தில் போட்டார். கிண்ணம் நிறைந்தது. மிஷின் மட்டும் வரவில்லை. பொங்கல் கூழாகிவிட்டது.

மணிவேலுக்குப் பொறுக்கவில்லை. அவர் காதருகில் வந்து கத்தினார். "ஏன் சார், சாமிக்குப் படைக்கிறதுல போட்ட முந்திரியைத் திரும்ப எடுக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"

"ஜாஸ்தியா இருக்குப்பா. ஜனங்களுக்குத் திகட்டும்."

"முப்பது வருசமா சமைக்கிறேன். முந்திரி ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்." கோபத்தில் மணிவேல் கிண்ணத்தைப் பிடுங்கி மறுபடி அண்டாவிலேயே கவிழ்த்துவிட்டார்.

பார்த்ததும் பார்க்காததும் ஒன்றாகிவிட்டது. எதைத் தேடினோம், எதை இன்னும் தேடவில்லை என்று சகாதேவனுக்கே இப்போது தெரியவில்லை.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. சகாதேவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, காது இரண்டும் மறைகிற மாதிரி தலைப்பாகை கட்டிக்கொண்டார். ஜோதியம்மாள் ஒரே ஒரு கட்டுத் தொன்னையோடு இறங்கினாள். முகம் வெளிறிக் கிடந்தது. தலைப்பாகையை ஏன் என்று கேட்பாள் என்று பயந்தார். அவள் கேட்கவில்லை. நேராக வந்து, அவர் தோளை ஒட்டி நின்று, "என்னங்க, டிபன் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

தெளிவாகக் கேட்டது! அண்ணாமலையாரே என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார். மிஷின் இல்லாமலேயே காது திறந்துவிட்டதோ என்றுகூட ஒரு ஆசை வந்தது. ஆனால் மணிவேல் எதிரே நின்று வாயசைத்தபோது வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. ஆசை போய்விட்டது.

மத்தியானம் இளஞ்செழியன் காரில் வந்து இறங்கினான். வந்ததும் அவன் கேட்டது, "இன்னாப்பா, மிஷின் நல்லா கேக்குதா?" என்பது. சகாதேவனுக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே பலமாகத் தலையாட்டினார். காது கேட்காதவர்களுக்குத் தலையாட்டல்தான் பெரிய துணை. பத்தில் எட்டுத் தடவை அது சரியாகவே அமைந்துவிடும்.

மகன் அடுத்துப் பேச வாயெடுத்ததும் ஜோதியம்மாள் குறுக்கே புகுந்தாள். "அப்பாவை விடுடா, வேலையா இருக்காரு. எதுனா கேக்கணும்னா என்னைக் கேளு."

"ஏம்மா இப்டி கத்தற?"

"கூட்டம் வர்ற நாள்டா. கத்தாம இன்னா பண்றது?"

அவள் அப்படி மறித்து நிற்பதைப் பார்த்த சகாதேவன் தலைப்பாகையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டாள், சமயம் பார்த்து மகனிடம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தார்.

படையல் முடிந்து பொங்கல் கொடுக்க ஆரம்பித்தார்கள். வரிசை அடுத்த வீட்டு வாசலைத் தாண்டி நின்றது. கரண்டியை யாருக்கும் தர மாட்டேன் என்று சகாதேவனே நின்றுகொண்டார். ஒவ்வொரு தொன்னையிலும் கொஞ்சமாக வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்திப் பார்த்து, பிறகுதான் நீட்டினார். பேட்டரியோடு சேர்த்து அதை எந்தக் குழந்தையாவது விழுங்கித் தொலைத்தால்? நினைத்தபோதே இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"மெதுவா மென்னு சாப்பிடுங்க," என்றார் ஒவ்வொருவரிடமும். "கெட்டியா எதுனா பல்லுல பட்டா முழுங்கிடாதீங்க. என்கிட்ட கொண்டாந்து குடுங்க."

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த கஸ்தூரி என்ற அம்மாள் தொன்னையை உற்றுப் பார்த்தாள். "இன்னா சார் உள்ள? எதுனா காசு போட்டிருக்கீங்களா?"

சகாதேவன் சிரித்துத் தலையாட்டினார்.

"தங்கக் காசா?"

அதற்கும் தலையாட்டினார். பத்தில் எட்டுத் தடவை என்று சொன்னேனே, மீதி இரண்டு இதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணாமலையார்தான் தடுத்திருக்க வேண்டும். அவரும் தடுக்கவில்லை. கஸ்தூரி பக்கத்தில் நின்ற மதினியிடம் சொன்னாள். மதினி வேனில் வந்தவர்களிடம் சொன்னாள். வாங்கித் தின்றவர்கள் மறுபடி வரிசையின் கடைசிக்கு ஓடினார்கள். ஈசானிய லிங்கம் பக்கம் போய்விட்டவர்கள்கூடத் திரும்பி எதிர்த்திசையில் நடந்து வந்தார்கள். கிரிவலத்தில் அப்படி யாரும் நடப்பதில்லை. பந்தலைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பொங்கலைத் தின்னாமல் விரலால் பிசைந்து பிசைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சகாதேவனுக்கு ஒரே ஆச்சரியம். தான் சொன்னதை ஜனங்கள் இவ்வளவு பொறுப்பாகக் கேட்கிறார்களே என்று கண் கலங்கினார்.

கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கான்ஸ்டபிள் அருள்ராஜ் விசிலோடு வந்தார். "இன்னா சார் இது, தங்கம் தர்றீங்களாமே? பர்மிஷன் வாங்கினீங்களா?"

சகாதேவன் பணிவாகத் தலையாட்டினார்.

அருள்ராஜ் இரண்டு பக்கமும் பார்த்தார். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார். "சரி, எனக்கு ஒரு தொன்னை. அடியிலேர்ந்து போடுங்க."

போலீஸே வாங்குகிறது என்றதும் கூட்டம் முழுசாக நம்பிவிட்டது. பின்னாலிருந்து தள்ளினார்கள். பந்தல் கால் ஒன்று சாய்ந்தது. இளஞ்செழியன் பாய்ந்து அதைப் பிடித்தான். ஜோதியம்மாள் கணவரைப் பிடித்தாள். யாரோ ஒருவருடைய முழங்கை பட்டுச் சகாதேவனின் தலைப்பாகை அவிழ்ந்து அண்டாவுக்குள் விழுந்தது.

வெயிலில் அவருடைய இரண்டு காதுகளும் வெறுமனே தெரிந்தன.

மகன் பந்தல் காலை விட்டுவிட்டான். "அப்பா, மிஷின் எங்க?"

கேட்கவில்லைதான். ஆனால் அவன் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாலே போதும். இனி தலையாட்டிப் பயனில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"தொலைச்சிட்டேன்டா," என்றார். "முந்திரித் தட்டுல வச்சேன். பொங்கல்ல வுழுந்துடுச்சு. அதைத்தான் காலைலேர்ந்து தேடறேன். தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னை நம்பி யாரும் பல்லை ஒடச்சிக்காதீங்கப்பா."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கஸ்தூரி தொன்னையைக் கீழே வைத்தாள். அருள்ராஜ் தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு விசிலைத் தேடினார்.

இளஞ்செழியன் கிட்டே வந்தான். அப்பாவைப் பார்க்க அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் காதருகில் குனிந்து சத்தமாகச் சொன்னான். "போதும்பா. நாளைக்குக் காலைல வீட்டைப் பூட்டறோம். உங்களை இங்க விட்டுட்டு நான் பயந்துக்கினே இருக்க முடியாது."

சகாதேவன் மலையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் ஏதோ சொல்ல வருவதுபோல வாயைத் திறந்தாள், மூடினாள். பாவம், தன்னால் அவளும் அல்லவா ஊரை விட்டுப் போகிறாள் என்று நினைத்தார். "மன்னிச்சுக்கோ ஜோதி," என்றார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

அப்போது வரிசையில் தொன்னையோடு நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். மிஷின் கடை ஓவியா. மத்தியானம் கடையை மூடிவிட்டுக் கிரிவலம் புறப்பட்டவள், சகாதேவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் இளஞ்செழியனிடம் நேராகப் போனாள்.

"அண்ணா, சாரைத் திட்டாதீங்க, அவரு எதையும் தொலைக்கல, அம்மாதான் காலைல மிஷினை முந்திரியோட சேர்த்து நெய்ல வறுத்துட்டு, ஆட்டோல எங்க கடைக்கு எடுத்துக்கினு ஓடியாந்து, சார் காதுல மட்டும் இது விழவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க, அதான் அவரு முன்னாடியே தைரியமா சொல்றேன்!"