கரடியம்மாவின் இரண்டாவது மகன்

மருத்துவக் காப்பீட்டைச் சந்தையில் கூவி விற்கும் ஒரு காட்டில் அஞ்சுகம் என்ற தாய்க்கரடி வாழ்ந்தது. தனக்கும் மகன் சேந்தனுக்கும் சேர்த்து ஒரே காப்பீடாக எடுத்திருந்தது. பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் மானியமாகக் கொடுத்தது.

சேந்தன் வளர்ந்து, பக்கத்து மலைத் தேன் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, தனியாக வரி கட்டத் தொடங்கியது. ஆனால் மானியக் கணக்குத் தாள் அம்மா பெயருக்குத்தான் வந்தது. அஞ்சுகம் அதைத் தூக்கிக்கொண்டு வரி அலுவலகத்துக்கு ஓடியது. வரிசையில் முன்னால் ஒரு நத்தை. அது நகர்வதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு மூடி, மறுபடி திறந்துவிட்டார்கள்.

"ஐயா, என் மகன் குட்டியா, பெரியவனா?"

கவுண்டரில் இருந்த முள்ளம்பன்றி நிமிராமலே சொன்னது: "ஆஸ்பத்திரிக்குக் குட்டி, வரிக்குக் கரடி. வாங்கிய மானியத்துக்கு வரியில் கணக்குக் காட்டி, கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கட்டணும். அதில் யார் பொறுப்பு எவ்வளவு என்று ரெண்டு பேரும் பேசி, ஒரே மாதிரி எழுதிக் கொடுங்கள். எப்படிப் பிரித்தாலும் எங்களுக்குக் கவலையில்லை."

"பேசித்தான் ஆகணுமா?"

அதுதான் சிக்கல். மகன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நரியைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை.

'என் பிள்ளை பாரம் என்னோடு போகட்டும்' என்று அஞ்சுகம் முழுவதையும் தன் பெயரில் எழுதியது. 'அம்மாவிடம் கை நீட்டினேன் என்று யாரும் சொல்லக் கூடாது' என்று சேந்தனும் முழுவதையும் தன் பெயரில் எழுதியது.

முள்ளம்பன்றி கூட்டிப் பார்த்தது. மானியம் இரண்டு மடங்காக வந்தது. ஒரே மகன் என்றால் இப்படி வராதே என்று யோசித்து, 'இரண்டாம் சேந்தன்' பெயரில் புதுக் காப்பீட்டு அட்டை அடித்து அஞ்சுகத்துக்கு அனுப்பிவிட்டது.

செய்தி கேட்டுத் தாயும் மகனும் ஆளுக்கொரு பக்கமிருந்து வரி அலுவலகத்துக்கு ஓடிவந்தார்கள்.

"எனக்கு ஒரே பிள்ளைதாங்க!" என்றது அஞ்சுகம்.

"அப்படியானால் இன்னொன்றை நீக்கணும். இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க" என்றது முள்ளம்பன்றி.

"பெத்தவ வாயால என் பிள்ளை செத்துப்போச்சுன்னு சொல்லுவேனா?" அஞ்சுகம் கவுண்டரில் தலையை வைத்து அழுதது.

சேந்தனுக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவின் தோளைத் தொட்டது. "அழாதேம்மா. வீட்டுக்கு வா. உன் மருமகள் மீன் குழம்பு வெச்சிருக்கா."

அஞ்சுகம் மகனைப் பார்த்தது. கையிலிருந்த அட்டையைப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"நீ போடா. இவனுக்காவது நம்ம சொந்தத்துல நல்ல கரடிப் பொண்ணாப் பார்க்கிறேன்."

நீதி: வயிற்றில் பிறந்த பிள்ளை தன் இஷ்டத்துக்குப் போகும், படிவத்தில் தப்பாகப் பிறந்த பிள்ளைதான் கடைசிவரை அம்மா பேச்சைக் கேட்கும்.