கேட்டைத் தாண்டாத ஸ்டீரியோ

விருதுநகர்,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த தாய்மாமா ராஜபாண்டியன் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் ஒரே அக்காவின் ஒரே மகன் ஹரிபிரசாத் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அப்பா, நான், வெயில் எல்லோரும் சௌக்கியம். அங்கு பெங்களூரில் தாங்கள், அத்தை, பிள்ளை பெற்ற தங்கள் மகள் ஹர்ஷினி மதினி, இன்னும் பெயர் வைக்காத குட்டிப் பையன் எல்லோரும் சௌக்கியமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

பொருள்: தங்கள் காரில் இருந்த பழைய ஸ்டீரியோவும், தங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு வர வேண்டிய தீபாவளி ஆர்டரும்.

மாமா, கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. என் நம்பரைத் தாங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் பிளாக் செய்துவிட்டீர்கள். அப்பாவிடம் போனைக் கேட்டதற்கு, மச்சினனோடு பேச இந்த வீட்டில் மிச்சம் இருக்கிறது இந்த ஒரு நம்பர்தான், இதையும் உன் கையில் கொடுத்துக் கெடுக்க மாட்டேன் என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆகவே கூரியர். கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நெட்டில் தேடினால் வந்ததெல்லாம் பள்ளிக்கூட லீவு லெட்டர். 'கடுமையான காய்ச்சல் காரணமாக' என்று எழுதிவிட்டு அப்புறம் கிழித்துப் போட்டேன். நடந்ததை நினைத்தால் அப்படியே விட்டிருக்கலாம்.

மதினியின் பிரசவத்துக்காகப் பெங்களூர் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "வண்டியப் பத்திரமாப் பாத்துக்கலே. வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வை. வேற எதையும் தொடாத." இதில் முதல் இரண்டையும் நான் தவறாமல் கடைப்பிடித்தேன். அப்படி ஸ்டார்ட் பண்ணப் போய்த்தான் அந்த ஸ்டீரியோ என் கண்ணில் பட்டது. நியாயமாகச் சொல்லுங்கள் மாமா, அது ஸ்டீரியோவா? கால்குலேட்டர் மாதிரி ஒரு பச்சை எழுத்து. வண்டி வாங்கிய அன்றைக்குப் போட்ட சாமி பாட்டு சிடி உள்ளே மாட்டிக்கொண்டு, இன்றைக்கும் அதே பாட்டு, அதே இடத்தில் அதே விக்கல். உலகமே தொடுதிரையில் போய்க்கொண்டிருக்கும்போது சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற என் மாமா விக்கலோடு போகலாமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

'கியர் மாத்து' என்று ஒரு சேனல் இருக்கிறது. அதை நடத்துகிற அண்ணனுக்கு நான் வெறியன் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வீடியோ போட்டால் முதல் கமெண்ட் என்னுடையதாகத்தான் இருக்கும். ஒரு தடவை அவரே ஹார்ட் போட்டிருக்கிறார், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவிடம் காட்டினால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். பழைய டேப்லெட்டைக் காரில் ஸ்டீரியோவாக மாட்டுவது எப்படி என்று அண்ணன் ஒரு வீடியோ போட்டிருந்தார். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் அவர் சொன்னது ஒன்றுதான்: "ரொம்ப சிம்பிள் மக்களே." லாக்டவுனில் கிளாஸ் கவனிக்க அப்பா வாங்கிக் கொடுத்த டேப்லெட் பரண் மேல் சும்மா கிடந்தது. கிளாஸ் நடக்கும்போதும் அது சும்மாதான் கிடந்தது என்பது வேறு விஷயம்.

முன்பக்கப் பேனலை நெம்ப ஒரு பிளாஸ்டிக் கருவி வேண்டும் என்றார், நான் அம்மாவின் தோசைக்கரண்டியை எடுத்தேன், வந்துவிட்டது, பேனலும் வந்துவிட்டது, கரண்டியின் கைப்பிடியும் வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் வீடியோவில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று இருந்த ஒயர்கள் உங்கள் வண்டியில் எல்லாமே விருதுநகர்ப் புழுதி நிறத்தில் இருந்தன. ஒரு குத்துமதிப்பாகச் சேர்த்தேன். கதவைத் திறந்தால் ஹாரன் அடித்தது. மாற்றிச் சேர்த்தேன். கதவைச் சாத்தினால் அடித்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்தபோது, மாமா, நான் அந்த சீட்டில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். பிளைவுட்டில் பிரேம் வெட்டி, டேப்லெட்டை உள்ளே வைத்து, சுற்றிலும் எம்சீல் பசை போட்டு இழைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்ததும் வண்டி ஏதோ விமானம் மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு சின்னக் குறை. டேப்லெட்டை அணைக்கிற பட்டனும் சத்தத்தைக் குறைக்கிற பட்டனும் பிரேமுக்குப் பின்னால் போய்விட்டன. கமெண்டில் போய்க் கேட்டேன். அடுத்த வீடியோவில் சொல்கிறேன் தம்பி என்று அண்ணன் பதில் போட்டார். அந்த வீடியோ இன்னும் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் செவ்வாய்க்கிழமை உங்கள் போன் வந்தது. கும்பகோணத்திலிருந்து மணிமுத்து அண்ணாச்சி என்று ஒரு பெரிய பார்ட்டி வருகிறார், இதுவரைக்கும் வேறு கம்பெனியில் லோடு எடுத்தவர், இந்த வருஷம் நம்மிடம் எடுத்தால்தான் சீசன் நிற்கும், இல்லாவிட்டால் தீபாவளிக்கு முன்னாலேயே பாதி ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று சொன்னீர்கள். உங்கள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. ஸ்டேஷனில் போய் அழைத்து, உங்கள் சொந்த வண்டியிலேயே ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டிப்போய்க் கம்பெனியைச் சுற்றிக்காட்டச் சொன்னீர்கள். அவருக்கு முட்டியில் ஆபரேஷன், நடக்கவிடாதே, ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் இறக்கு என்றும் சொன்னீர்கள். சரி மாமா என்றேன். ஸ்டீரியோவைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நேரில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். வண்டியில் ஏறியதும் திரையைப் பார்த்தார், மேப் ஓடுவதைப் பார்த்தார், வண்டியோடயே வந்ததா தம்பி என்று கேட்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான் மாமா. சாத்தூர் தாண்டுகிற வரைக்கும் அவருக்குப் பிடித்த பழைய பாட்டாகப் போட்டுக்கொண்டே வந்தேன். அவர் தொடையில் தாளம் போட்டார். ஆர்டர் கிடைத்தது மாதிரிதான் என்று நினைத்தேன்.

கம்பெனி கேட்டில் வண்டி நின்றது. வாட்ச்மேன் இருளாண்டி அண்ணன் தட்டோடு வந்தார். நம் ஊர்ப் பக்கம் எந்தப் பட்டாசுக் கம்பெனியிலும் தீ பயத்துக்காக யாரானாலும் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போக முடியும். அண்ணாச்சி கொடுத்தார். நானும் கொடுத்தேன். இருளாண்டி அண்ணன் குனிந்து வண்டிக்குள் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"ஸ்டீரியோண்ணே."

"என்ன செய்யும்?"

"பாட்டுப் படிக்கும்ணே."

"வேற?"

வேற ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான், அண்ணாச்சி வந்து சேர்ந்தாரா என்று கேட்க நீங்கள் வீடியோ கால் போட்டீர்கள். என் நம்பருக்கு வருவதெல்லாம் அதிலும் வருகிற மாதிரி நானேதான் இணைத்து வைத்திருந்தேன், அது ஒரு கூடுதல் வசதி. வண்டியின் நடுவே ஒரு தாம்பாளம் அளவுக்கு உங்கள் முகம், தோளில் குட்டிப் பையன், சத்தம் முழு வால்யூம். இருளாண்டி அண்ணன் திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டீரியோக்குள்ள மொதலாளி இருக்காகளே தம்பி."

நீங்கள் பின்னால் தெரிகிற சீட்டையும் அதில் போட்ட பிளாஸ்டிக் கவரையும் அடையாளம் கண்டுபிடித்துவிட்டு, என் ஸ்டீரியோ எங்கலே என்று ஆரம்பித்தீர்கள். அடுத்து வந்ததை நான் இங்கே எழுதவில்லை, குட்டிப் பையன் காதில் அது விழுந்ததே போதும். பிறகு ஓரத்தில் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு, அதே மூச்சில் வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா என்று குரலை மாற்றினீர்களே, அதை இந்த ஊரில் வேறு யாராலும் செய்ய முடியாது. அவர் முட்டியை நினைத்து நீங்களே சொன்னீர்கள்.

"இருளாண்டி, இந்த ஒருக்கா விட்டுரு."

"மாட்டேன் மொதலாளி."

"நான் சொல்லுதேன்ல."

"நீங்கதான் சொன்னீக. நானே போனோட வந்து நின்னு, உள்ள விடுன்னு சொன்னாலும் விடாதன்னு. இப்பம் நீங்க போனுக்குள்ளயே வந்து நிக்கீக."

அணைக்கலாம் என்றால் பட்டன் உள்ளே. பிடுங்கலாம் என்றால் எம்சீல். நான் ஒரு பக்கம் இழுத்தேன், அண்ணாச்சி பாவம் முட்டியை ஊன்றிக்கொண்டு இன்னொரு பக்கம் இழுத்தார், நீங்கள் நடுவிலிருந்து இழுக்காதலே இழுக்காதலே என்று கத்தினீர்கள். உச்சி வெயில் வேறு நேராக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று உங்கள் முகம் மறைந்து சிவப்பாக ஒரு தெர்மாமீட்டர் படமும், சூடு அதிகமாகிவிட்டது என்று எழுத்தும் வந்தது. பட்டாசுக் கம்பெனி கேட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதை மட்டும் எழுதக்கூடாது. இருளாண்டி அண்ணன், தீயணைக்கக் கம்பியில் தொங்குகிற சிவப்பு வாளி இரண்டையும் கழற்றினார். விலகுங்க என்றார். முதல் வாளி மணலை ஸ்டீரியோ மேல் கொட்டினார். மணலுக்குள்ளிருந்து ஏலே, ஏலே என்று உங்கள் குரல் வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது வாளியையும் கொட்டினார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏசியை நான் அணைக்கவில்லை. அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாளி மணலில் பாதி ஏசி ஓட்டை வழியாக உள்ளே போய், காற்றோடு சேர்ந்து, நேராக அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டைக்கு வந்தது. அவர் கண்ணைத் துடைத்தார். வாயிலிருந்து மணலைத் துப்பினார். என்னைப் பார்த்தார், இருளாண்டி அண்ணனைப் பார்த்தார், மூடியே கிடந்த கேட்டை ரொம்ப நேரம் பார்த்தார். ஸ்டேஷன்ல விட்டுருங்க தம்பி என்றார். அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியெல்லாம் மணலுக்குள்ளிருந்து மேப் மட்டும், வலப்பக்கம் திரும்பவும், இடப்பக்கம் திரும்பவும் என்று பேசிக்கொண்டே வந்தது. கோபத்தில் இருக்கிற ஒரு மனுசனோடு அதைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் புரியாது மாமா.

அண்ணாச்சியிடமிருந்து நேற்றும் தகவல் இல்லை, இன்றும் இல்லை. ஆர்டர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது என்னால்தான். கம்பெனிக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிற வேன்களைப் பார்க்கும்போதெல்லாம், இதில் எத்தனை பேருக்கு என்னால் வேலை போகுமோ என்று தலைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். இருளாண்டி அண்ணனை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அவர் நீங்கள் சொன்னதைத்தான் செய்தார். நீங்கள் சொன்னதைச் செய்தவர் இந்த விஷயத்தில் அவர் ஒருத்தர்தான்.

டேப்லெட்டை ஆசாரியைக் கூட்டிவந்து உளி வைத்துப் பெயர்த்து எடுத்துவிட்டேன். பழைய ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டியாயிற்று. அதே சாமி பாட்டு, அதே விக்கல், நடுநடுவே இப்போது கொஞ்சம் மணல் சத்தம். 'கியர் மாத்து' சேனலை விட்டும் வெளியே வந்துவிட்டேன், அந்த அண்ணன் முகத்தில் இனி முழிக்க மாட்டேன். இருக்கன்குடி மாரியம்மன் மேல் சத்தியம், இனி உங்கள் வண்டியில் நான் சாவி தவிர வேறு எதையும் சொருக மாட்டேன். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி என் போனையும் கட் பண்ணிட்டானே என்று புலம்பிக்கொண்டே மதினிக்குச் சாத்தூர் சேவு பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளையாவது மன்னித்து அவள் போனை எடுங்கள்.

அத்தைக்கும் மதினிக்கும் என் வணக்கங்கள். குட்டிப் பையனுக்கு முத்தங்கள், அன்றைக்குக் காதில் விழுந்த வார்த்தைகளை அவன் மறந்து வளர அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் காலடியில் கிடக்கும் மருமகன்,
ஹரிபிரசாத்

பின்குறிப்பு: மாமா, கூரியர் ஆபீஸ்ல நின்னு கவரை ஒட்டப் போற நேரத்துல மணிமுத்து அண்ணாச்சி கூப்பிட்டாரு. மதினி வீட்டுல புள்ள தூங்குதுன்னு நீங்க போனை ஆப் பண்ணிட்டீக போல, உங்க நம்பர் கிடைக்காமத்தான் எனக்கு அடிச்சாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன்: "நான் பாக்காத பட்டாசுக் கம்பெனி இல்ல தம்பி. மொதலாளியே சொன்னாலும் தொறக்காத கேட்டை இப்பத்தான் பாத்தேன். அப்படிப்பட்ட எடத்துலதான் சரக்கும் ஒழுங்கா இருக்கும். லோடு பூராவும் உங்க மாமாகிட்டதான்." ஆர்டர் ஓகே மாமா. ஆனா ஒரு சிக்கல். கூட வியாபாரம் பாக்குற அவரு தம்பி இதை நம்பவே மாட்டேங்கிறாராம், கண்ணால பாத்தாத்தான் கையெழுத்துப் போடுவாராம். வர்ற புதன்கிழமை கூட்டிட்டு வர்றாரு. அதே வண்டி, அதே ஸ்டீரியோ, அதே கேட்டு. அதனால மேலே எழுதின சத்தியத்தை அம்மன்கிட்ட சொல்லிட்டு வாபஸ் வாங்கிட்டேன். கவரை ஒட்டாம வீட்டுக்கு ஓடி வந்து டேப்லெட்டைத் திரும்ப ஒட்டியாச்சு, எம்சீல் காயுது, சேனல்லயும் திரும்பச் சேந்துட்டேன். இருளாண்டி அண்ணன்கிட்ட, புதன்கிழமை சும்மா ஒப்புக்குக் கொஞ்சம் போல மணல் போட்டாப் போதும்ணேன்னு கேட்டுப் பாத்தேன். "நடிக்கல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. கொண்டாந்தா கொட்டுவேன்"ன்னுட்டாரு. ஆக, எல்லாம் தயார். பாக்கி நீங்க ஒருத்தர்தான். புதன்கிழமை உச்சி வெயில்ல, அதே மாதிரி, அதே கோபத்தோட வீடியோ கால் போடணும். அதுக்காகவாவது என் நம்பரை அன்பிளாக் பண்ணுங்க மாமா.