கால் கிலோ குறைந்த துப்பாக்கி

படித்தது செரிப்பதற்குள் அடுத்தவருக்குப் பரிமாறிவிடும் வியாதி எனக்கு உண்டு. இயற்பியலில் பட்டம் வாங்கிய சூட்டில் அது முற்றிப்போய், அக்காவின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

எண்பதுகளில் ஒரு நாள். அக்காவுக்குப் பூ வைக்க, மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு எங்கள் வீடு தேடி வந்திருந்தார்கள். அத்தை கையில் பூப்பொட்டலம். மாமா கையில் சாக்குப்பை. உள்ளே ரெட்டைக்குழல் துப்பாக்கி! (பதற வேண்டாம். தாலுகா ஆபீசில் லைசென்ஸைப் புதுப்பித்த கையோடு வந்திருந்தார்.) கடலைக்காட்டுப் பன்றிகளை விரட்ட அவருடைய தாத்தா வாங்கிய சீமைச் சரக்கு.

எனக்குக் கை பரபரத்தது. அந்த வாரம்தான் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். சில பழைய துப்பாக்கிகளில், செய்த அன்றைக்குக் குழல்கள் என்ன எடை இருந்தன என்பதை அடியில் குத்தியிருப்பார்களாம். இன்றைய எடை அதைவிட நன்றாகக் குறைந்தால் யாரோ இரும்பைத் தேய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். சுட்டால் குழல் வெடிக்கலாம்.

மாமாவிடம் குழல்களைக் கழற்றித் தரச் சொன்னேன். அடியில் 3, பக்கத்தில் 9. மூன்று பவுண்டு, ஒன்பது அவுன்சு. ஒரு கிலோ அறுநூறு கிராமுக்குச் சற்று மேல்.

எதிர் மளிகைக் கடைக்கு ஓடினேன். "நீங்களே நிறுத்துக்கங்க தம்பி, படிச்சவுக" என்றார் கடைக்காரர். தராசுத் தட்டில் குழல் நிற்காமல் உருண்டது. நானா விடுவேன்? ஒரு பக்கத் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழல்களைக் கயிற்றில் கட்டி அந்தக் கொக்கியில் தொங்கவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, சபை நடுவே அறிவித்தேன்: "மாமா, கால் கிலோ இரும்பக் காணோம்!"

மாமா மெதுவாக அத்தையின் பக்கம் திரும்பினார். "வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சாம்பலப் போட்டுத் தேய்க்காதன்னேன். கேட்டியா? எங்க தாத்தா சொத்துல கால் கிலோவச் சுரண்டிப்புட்டியே!"

"பித்தளச் செம்பே முப்பது வருசமாத் தேயல, உங்க துப்பாக்கி தேஞ்சிருச்சாக்கும்?" அத்தை பூப்பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. நா வாரேன். பொண்ணுக்கு இவுகளே பூ வைக்கட்டும்!"

அடுப்படி வாசலில் அக்கா. கையில் கரண்டி. பார்வை என் மண்டையில்.

"அத்தை, கோவப்படாதீங்க. இது அறிவியல்" என்றேன். (இன்றும் இதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.)

"அப்படியா? எங்கண்ணு முன்னால நிறு."

கடைக்குப் போனோம். பின்னால் பாதித் தெரு. குழல்களை மறுபடி தொங்கவிட்டேன். அத்தை தராசைப் பார்த்தார். தரையில் கிடந்த தட்டைப் பார்த்தார்.

"ஏப்பா, அந்தப் பக்கம் எடக்கல்லு தட்டோட நிக்குது. இந்தப் பக்கத் தட்டக் கழட்டிப்புட்டியே, அதுக்கு எட இல்லையா?"

அத்தை தட்டை எடுத்துக் குழல்களோடு சேர்த்துக் கட்டினார். கடைக்காரர் கல் வைத்தார். ஒரு கிலோ அறுநூற்றுச் சொச்சம்.

"பட்டம் எத்தன வருசம் படிச்ச?"

"மூணு."

"பத்தாது" என்றவர், மாமாவை அங்கேயே மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டுத்தான் வந்து அக்காவுக்குப் பூ வைத்தார்.

மறு வருடம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. இரண்டே கால் கிலோ என்றார் நர்ஸ். எடை கொஞ்சம் குறைவுதான் என்று எல்லோரும் கவலைப்பட, அத்தை மட்டும் அசையவில்லை.

"தாய்மாமன வெளிய அனுப்பிட்டு இன்னொருக்க நிறுங்கம்மா. சரியா இருக்கும்."