மூக்கு மேஸ்திரியின் வாசனைப் பாத்தி

கம்பம் பள்ளத்தாக்கில் மூக்கு மேஸ்திரி அளவுக்கு ஜலதோஷத்தைப் பகைத்தவர் எவரும் கிடையாது. எதிரே புலி வந்தால்கூட ஒதுங்கி வழி விட்டிருப்பார். தும்மியவருக்கு மட்டும் விடமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் யூனியன் போர்டு பூங்காவுக்கு அவர்தான் தோட்டக்காரர். நான் போர்டு குமாஸ்தா. கூடலூர் ரோட்டோரம் இருந்த அந்த ஒரு ஏக்கரை அவர் நாலு பாத்தியாகப் பிரித்திருந்தார். வெள்ளைப் பூவுக்கு ஒன்று, மூலிகைக்கு ஒன்று, முள்செடிக்கு ஒன்று. நாலாவது, வாசனைப் பாத்தி. அதற்கு மட்டும் மூங்கில் படல் கட்டி, வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"எங்க, மூச்சை இழுங்க பாப்போம்."

'சர்' என்று சத்தம் வந்தால் தீர்ந்தது. "சளி இருக்கு. அங்கன முள்ளுச்செடி இருக்கு, பாத்துட்டுப் போங்க!"

மார்கழியில் மலைக்காற்று இறங்கிவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு. அதனால் முள்செடிப் பாத்தியில்தான் எப்போதும் கூட்டம். ஒரு புது மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் பெண்ணை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறார். உள்ளே போனவர்களும் லேசில் வெளியே வர முடியாது. எந்தச் செடி எப்படி மணந்தது என்று பரீட்சை நடக்கும்.

"நல்லா இருக்குன்னா? வெல்லம் மாதிரியா, புது மழை மாதிரியா? மறுபடி போய் மோந்துட்டு வாங்க!"

அந்த வருஷம் பூங்காவை அழித்து ஏலக்காய் வண்டிகளுக்குப் பேட்டை கட்டலாமா என்று பேச்சு எழுந்தது. ஒரு காலை போர்டு பிரசிடெண்டே நேரில் பார்க்க வந்தார். கழுத்தில் மப்ளர். மூக்கு செக்கச்செவேல். நான் முன்னால் ஓடினேன்.

"மேஸ்திரி, பிரசிடெண்டு வாராக. இன்னைக்கு ஒருநா மூக்கைப் பாக்காதீக. தோட்டமே போயிரும்!"

"வரட்டும். மூச்சை இழுக்கட்டும்."

பிரசிடெண்டு இழுத்தார். எண்ணெய் காணாத வண்டி அச்சு போல ஒரு சத்தம்.

"உள்ள விட முடியாது ஐயா."

"யோவ், இது போர்டுத் தோட்டம்யா!"

"தோட்டம் போர்டுதுதான். மூக்கு சரியில்லையே!"

சொல்லிக்கொண்டே, படலோர அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நொச்சியிலைப் பானையை இழுத்து வைத்து, பிரசிடெண்டைக் குனியவைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டார். கம்பளிக்குள்ளிருந்து வந்த வசவில் என் வேலையும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கம்பளியை உதறி எழுந்த பிரசிடெண்டு முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இப்படி நாறுது?"

பக்கத்தில் எருக்குழி. மேஸ்திரி துள்ளிக் குதித்தார்.

"மூக்கு தெறந்துருச்சு! சொல்லுங்கய்யா, எப்படி நாறுது?"

"ஏன், உனக்குத் தெரியலையா?"

"விசக்காய்ச்சல்ல எனக்கு வாசனையே அத்துப்போச்சுங்க. ரொம்ப வருசமாச்சு. செடி வைக்கிறது நான். மணக்குதா, எப்படி மணக்குதுன்னு அடுத்தவுக சொன்னாத்தான் எனக்குத் தெரியும். சளி பிடிச்சவுக என்னத்தைச் சொல்லுவாக?"

பிரசிடெண்டு மப்ளரை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டுப் படலைத் தாண்டினார். மரிக்கொழுந்தைக் கசக்கி முகர்ந்தார்.

"இது... புதுச் சேலை வச்ச பெட்டியைத் தெறந்தாப்ல இருக்குய்யா."

"அப்புறம்?" என்றார் மேஸ்திரி, கண்ணை மூடிக்கொண்டு.

பவளமல்லிக்கு அடியில் பிரசிடெண்டு மண்டியே போட்டுவிட்டார். இருவரும் வெளியே வர உச்சிப்பொழுது ஆயிற்று. வண்டிப்பேட்டை கண்மாய்க்கரைக்குப் போனது.

அதன்பின் தினமும் ஆபீஸ் விட்டதும் நான் ஒரு நடை போய், அன்றைய மணங்களை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவேன். ஜலதோஷம் பிடித்த நாட்களில் நானாகவே ஏதேதோ கற்பனை செய்து சொல்வேன். அவரும் என்னை மட்டும் மூச்சை இழுக்கச் சொன்னதே இல்லை.